பெயர் யாருக்குச் சொந்தம்: ஒரகடம் ஆலைகளின் எழுதப்படாத வரலாறு

சேக்கிழார் பிறந்த ஊர், அவர் எழுப்பிய திருநாகேச்சரம் கோயில், குன்றின் மேல் முருகன் என்றுதான் குன்றத்தூரைப் பற்றிய பேச்சு வழக்கமாகத் தொடங்கும். ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த ஊருக்கு மேற்கே வேறோர் உலகம் எழுந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று ஏரிக்கரை ஊர்களின் பெயர்களெல்லாம் இப்போது சிப்காட் வளாகங்களின் பெயர்கள். அந்த உலகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நிலம் கையகப்படுத்தியதில் தொடங்கி சாலை, துறைமுகம், மின்சாரம், வரிச்சலுகை, தொழிற்சங்கப் போராட்டம் என்று கொண்டுபோவார்கள். எல்லாமே எழுதப்பட வேண்டியவைதான். ஆனாலும் ஒரு முக்கியமான அத்தியாயம் அதில் விடுபட்டுப்போகிறது. இங்கே செய்யப்படும் பொருளின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் யாருக்குச் சொந்தம், அதற்குள் இருக்கும் மென்பொருளின் பதிப்புரிமை யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகள்தான் இந்த வட்டாரத்தில் சில ஆலைகள் வாழ்ந்ததற்கும் ஓர் ஆலை அழிந்ததற்கும் அடியில் கிடக்கின்றன. நிலத்தரகரையும் தொழில்துறை அமைச்சரையும் பற்றி எழுதும் வரலாறு, வணிகக்குறி வழக்கறிஞரையும் பதிப்புரிமை வழக்கறிஞரையும் பற்றி எழுதாமல் முழுமையாகாது என்பதே என் வாதம்.

பெயருக்கு இவ்வளவு முக்கியத்துவம் எப்படி வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். லைசென்ஸ் ராஜ்யக் காலத்தில், வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரை மட்டும் ஒட்டி உள்நாட்டில் பொருள் விற்பதை அரசு விரும்பவில்லை. ராயல்டியாகப் பணம் வெளியே போவதையும் விரும்பவில்லை. அதனால்தான் அந்தத் தலைமுறை வண்டிகளுக்கு இரட்டைப் பெயர்கள் வாய்த்தன. எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்டு ஆனது. ஓசூரில் 1984இல் இண்ட்-சுசுகி என்ற பெயரில் ஓடத் தொடங்கிய மோட்டார் சைக்கிள் பிறகு டிவிஎஸ்-சுசுகி ஆனது. 2001இல் இரு தரப்பும் பிரிந்தபோது சுசுகி என்ற பாதி கழன்று டிவிஎஸ் மட்டும் மிஞ்சியது. ஆலை அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான். அந்த ஆண்டே சொந்த வடிவமைப்பில் விக்டர் என்ற வண்டியை டிவிஎஸ் இறக்கியிராவிட்டால், பெயரை இழந்த அந்த ஆலை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகும் ராயல்டிக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. அரசின் தனி அனுமதியின்றி, தொழில்நுட்பத்துக்கு உள்நாட்டு விற்பனையில் 5 சதவீதம், ஏற்றுமதியில் 8 சதவீதம். தொழில்நுட்பம் எதுவும் வராமல் வெறும் பெயருக்கு மட்டும் என்றால் 1 சதவீதம், 2 சதவீதம். 2009 டிசம்பரில் அந்த வரம்பும் எடுக்கப்பட்டது. இன்று இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை தன் கொரியத் தாய் நிறுவனத்துக்கு விற்பனை வருவாயில் 3.5 சதவீதம் ராயல்டி தருகிறது. 2024இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அந்த நிறுவனமே வெளியிட்ட கணக்கு இது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் விற்பனையிலிருந்து போகும் பணம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

பெயர் கைக்கு வந்த கதைக்கு ஒரகடத்திலேயே சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனம் 1901 முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களைச் செய்துவந்தது. இந்திய ராணுவம் 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு புல்லட் வண்டிகளைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் வந்திறங்கிய பாகங்களைக் கோப்பதுதான் வேலை. 1957இல் அச்சுகளும் கருவிகளும் கைமாறின. சில ஆண்டுகளில் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தயாரிப்பே நின்றுபோனது. தாய் போன பிறகும் பிள்ளை பிழைத்திருந்த அபூர்வம் இது. ஆனால் சட்டத்தின் கண்ணில் ஒரு சிக்கல் தீராமல் கிடந்தது. புல்லட்டை விடாமல் செய்துவந்தது திருவொற்றியூர்; ‘ராயல் என்ஃபீல்டு’ என்ற முழுப்பெயருக்கு இங்கிலாந்தில் உரிமை கொண்டாடியது வேறொருவர். 1977இல் இங்கிருந்து பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி தொடங்கியபோது அந்த வண்டிகள் வெறும் ‘என்ஃபீல்டு’ என்ற பெயரில்தான் போயின. பிறந்த ஊருக்கே திரும்பும் வண்டிக்குப் பிறந்த பெயரைச் சொல்லிக்கொள்ள உரிமையில்லாத நிலை.

ஐஷர் குழுமம் 1994இல் நிறுவனத்தை வாங்கியது. 1995இல் பெயருரிமை கைவந்தது. அதற்கு எதிராக பிரிட்டனில் எழுந்த ஆட்சேபம் 1999இல் சென்னை நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. 2013 ஏப்ரலில் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் ஆலைகள் திறக்கப்பட்டபோது அவற்றிலிருந்து வெளியே வந்த ஒவ்வொரு வண்டியின் பெட்ரோல் டாங்கிலும் முழுப்பெயர் இருந்தது. அதற்காக யாருக்கும் ராயல்டி தர வேண்டியிருக்கவில்லை. ஒரகடத்து ஆலையை எண்ணும்போது, இதற்கு முன்னால் நடந்த அந்தப் பெயர் வழக்கையும் ஓர் அடித்தளமாக எண்ண வேண்டும் என்பேன். பெயர் வேறொருவர் கையிலேயே இருந்திருந்தால் இந்த வண்டி உலகச் சந்தைக்குப் போயிருக்கும். ஆனால் அதன் வருமானத்தில் ஒரு பகுதி ஒவ்வோர் ஆண்டும் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும், அதைவிட முக்கியமாக, எந்த நாட்டில் விற்கலாம், எந்த மாடலைச் செய்யலாம் என்ற முடிவும் வெளியே போயிருக்கும்.

இது தற்செயலாகக் கிடைத்த அதிர்ஷ்டம், தாய் நிறுவனம் செத்ததால் வந்த வாய்ப்பு என்று சொல்லலாம். பாதி உண்மை. ஆனால் ரெட்டிச் போல மூடிய பிரிட்டிஷ் மோட்டார் நிறுவனங்கள் ஏராளம். அவற்றின் பெயர்கள் எல்லாம் அவற்றின் உரிமம் பெற்றவர்களிடம் வந்து சேரவில்லை. வணிகக்குறி சட்டம் பயன்பாட்டை மதிக்கும் சட்டம். இந்தியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பதிவு செய்த பெயரை ஐந்தாண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோர மற்றவருக்கு வழியிருக்கிறது. பயன்பாட்டை நிரூபிப்பது எப்படி? அங்கேதான் வழக்கறிஞரின் உழைப்பு இருக்கிறது. முப்பது நாற்பது ஆண்டு விற்பனைப் பட்டியல்கள், முகவர்களுக்கு எழுதிய கடிதங்கள், பத்திரிகை விளம்பரங்களின் கத்தரிப்புகள், ஏற்றுமதி ரசீதுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிப் பிரமாணப் பத்திரத்தோடு சேர்க்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் கரையான் அரித்த ஃபைல் ஒரு பெயரையே இழக்கவைக்கும். டிராக்டர் தொழிலிலும் அண்மையில் இதற்கு நிகரான ஒன்று நடந்தது. 1960 முதல் சென்னையில் மாசி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்துவந்த டாஃபே நிறுவனத்தோடு செய்திருந்த பெயர் உரிம ஒப்பந்தத்தை, அமெரிக்காவின் ஆக்கோ 2024இல் முடித்துக்கொள்வதாக அறிவித்தது. விவகாரம் நீதிமன்றம் போய், 2025இல் சமரசத்தில் முடிந்தது: இந்தியா, நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளில் அந்தப் பெயர் டாஃபேவுக்கே சொந்தம். அறுபது ஆண்டுகளாக உழவர்கள் மத்தியில் ஊறிய பெயரைக் கையில் வைத்துக்கொள்ள ஒரு நிறுவனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இழந்த கதை ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. நோக்கியா ஆலை 2006இல் அங்கே திறக்கப்பட்டது. உச்சத்தில் 8,000 பேர் வரை நேரடியாக வேலை பார்த்தார்கள். பெண்கள் பெருமளவில், அதுவும் கிராமங்களிலிருந்து முதன்முதலாகச் சம்பள வேலைக்கு வந்தவர்கள். அதே சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் பாகங்கள் செய்து தரும் ஆலைகளும் சூழ்ந்திருந்தன. இந்த ஆலையை விழுத்தாட்டியது எது என்று கேட்டால் ‘வரிப் பிரச்சினை’ என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். அந்த வரியின் அடியில் இருந்தது முழுக்க முழுக்கப் பதிப்புரிமைச் சட்டக் கேள்வி என்பதை யாரும் சொல்வதில்லை.

விஷயம் இதுதான். பாகங்களைப் பொருத்தி முடித்த கைப்பேசிக்குள் கடைசியில் மென்பொருளை ஏற்றுவார்கள். அந்த மென்பொருள் பின்லாந்தில் உள்ள தாய் நிறுவனத்திலிருந்து வந்தது. அதற்கு இந்திய நிறுவனம் பணம் செலுத்தியது. அந்தப் பணம் எதற்கு? ஒரு சரக்கை வாங்கிய விலையா, அல்லது பதிப்புரிமையைப் பயன்படுத்தியதற்கான ராயல்டியா? விலை என்றால், இந்தியாவில் நிரந்தரத் தொழிலகம் இல்லாத வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கே வரியில்லை. ராயல்டி என்றால், பணத்தை அனுப்பும்போதே வரியைப் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். 1984இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு கணினி நிரல் நம் சட்டத்தில் ‘இலக்கியப் படைப்பு’ என்ற வகைக்குள் வருகிறது. பெரியபுராணம் பாடியவர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில், கைப்பேசிக்குள் ஏற்றிய நிரலை இலக்கியமாகக் கருதி ஆயிரக்கணக்கான கோடிகளுக்குச் சண்டை நடந்தது என்பது சட்ட வரலாற்றில் குறித்துவைக்க வேண்டிய செய்தி.

நீதிமன்றங்கள் அப்போது இந்தக் கேள்வியில் இரண்டுபட்டு நின்றன. 2004இல் டாடா கன்சல்டன்சி வழக்கில், கடையில் விற்கும் மென்பொருள் சரக்குதான் என்று உச்ச நீதிமன்றம் விற்பனை வரி தொடர்பாகச் சொல்லியிருந்தது. 2011 அக்டோபரில் சாம்சங் வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம், மென்பொருளுக்குத் தரும் பணம் ராயல்டிதான் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் எரிக்சன் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், கருவியோடு சேர்ந்து வரும் மென்பொருளுக்கு ராயல்டி என்ற பேச்சே இல்லை என்றது. இந்தக் குழப்பத்தின் நடுவில் 2012 நிதிச் சட்டம் வந்தது. வோடஃபோன் வரி விவகாரத்துக்காகப் பலரும் நினைவில் வைத்திருக்கும் அதே சட்டம்தான், மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமையும் ராயல்டிக்குள் அடங்கும் என்று விளக்கம் சேர்த்து, அதை 1976 ஜூன் முதல் நடைமுறையில் இருந்ததாக வைத்தது. முப்பத்தாறு ஆண்டு பின்னோக்கி! அடுத்த ஜனவரியில், 2013இல், வருமான வரித் துறையினர் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்குள் சோதனைக்கு வந்தார்கள். ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் கேட்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. அதே மாதம் இந்தியச் சொத்துகள் முடக்கப்பட்டன. ஆலையைக் கைமாற்ற வேண்டுமானால் 3,500 கோடிக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிலை 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் வெளியே விடப்பட்டது. சில மாதங்கள் மைக்ரோசாஃப்டுக்காக ஒப்பந்த உற்பத்தி; பிறகு 2014 நவம்பர் 1 அன்று வரிசைகள் நின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கு முன்பே விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். நோக்கியாவை நம்பி அங்கே இருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் டிசம்பரில் மூடப்பட்டது.

ஆலையை வீழ்த்தியது பதிப்புரிமைக் கேள்விதான் என்ற வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, நோக்கியா ஐபோனிடமும் ஆண்ட்ராய்டிடமும் ஏற்கெனவே தோற்றுவிட்டது. வரி நோட்டீஸ் வராவிட்டாலும் ஆலை மூடியிருக்கும் என்பது. இதில் நியாயம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கைக்குப் போன ஹங்கேரி, சீன ஆலைகளும் அடுத்த சில மாதங்களில் மூடப்பட்டன. ஆனால் வியட்நாம் ஆலை மூடப்படவில்லை; உற்பத்தி அங்கேதான் குவிக்கப்பட்டது. மூடுவதிலும் ஒரு விதம் இருக்கிறது. உரிமை சுத்தமாக இருந்த ஆலையைக் கைமாற்றலாம், வாடகைக்கு விடலாம், வேறு நிறுவனம் எடுத்து ஆட்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஸ்ரீபெரும்புதூரில் அது நடக்கவில்லை. இந்தியாவில் கைப்பேசி உற்பத்தி மறுபடி வேகமெடுத்த ஆண்டுகளில் இந்தக் கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன. உற்பத்தி நொய்டா பக்கம் குவிந்தது. 2018இல் இந்தியாவும் பின்லாந்தும் பேசி முடித்து, 1,600 கோடி ரூபாய் அளவில் கணக்குத் தீர்ந்த பிறகுதான், 2019இல் சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் அந்த வளாகத்தை எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. மூடியதற்குச் சந்தை காரணம் என்று ஒப்புக்கொண்டாலும், ஐந்தாண்டு பூட்டிக் கிடந்ததற்குச் சந்தையைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு, தமிழக அரசும் விற்பனை வரியாக 2,400 கோடி கேட்டதே என்பது. கேட்டது உண்மை, ஏற்றுமதியானதாகச் சொன்ன போன்கள் உள்நாட்டில் விற்கப்பட்டன என்பது அந்தக் குற்றச்சாட்டு. அதுவும் ஆலையை நெருக்கியது. ஆனால் சொத்துகளை முடக்கிக் கைமாற்றத்தைத் தடுத்த முதல் முடிச்சு மென்பொருள் ராயல்டிதான். மூன்றாவது மறுப்பைத்தான் ஒரு பதிப்புரிமை வழக்கறிஞர் எழுப்புவார். அது எல்லாவற்றிலும் கூர்மையானது: 2021 மார்ச் 2 அன்று எஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில், மென்பொருளின் பிரதியை வாங்குவது வேறு, அதன் பதிப்புரிமையை வாங்குவது வேறு, முன்னதற்கு ராயல்டி வரி கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; இல்லாத சட்டத்தைப் பின்பற்றி யாரும் முன்கூட்டியே வரி பிடித்திருக்க முடியாது என்றும் சொன்னது. அப்படியானால் நோக்கியாவிடம் கேட்டது தவறு என்றாகுமா? அவ்வளவு எளிதில்லை. பயனாளி ஒரு பிரதியை வாங்கிக் கணினியில் போடுவதும், ஆலை ஒன்று கோடிக்கணக்கான போன்களில் அதே நிரலை ஏற்றுவதும் ஒன்றல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, மின்னணு முறையில் எந்த ஊடகத்திலும் சேமித்துவைப்பதையும் மறுபதிப்பு உரிமைக்குள் வைக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வரிசையில் நடந்தது அதுவா, அல்லது போன் என்ற சரக்கின் ஒரு பாகத்தைப் பொருத்துவது மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு நீதிமன்றம் முழுமையான விடை சொல்லும் முன்பே ஆலை போய்விட்டது. வரித் துறை செய்தது அப்பட்டமான அநியாயம் என்று நான் சொல்லவில்லை; நிறுவனம் குற்றமற்றது என்றும் சொல்லவில்லை. என் குற்றச்சாட்டு வேறு. இவ்வளவு பேரின் பிழைப்பு தொங்கும் ஒரு பதிப்புரிமைக் கேள்வியை, ஒப்பந்தம் எழுதிய நாளிலேயே தெளிவாக்கிக்கொள்ள நிறுவனமும் அரசும் தவறின. வரி அதிகாரியிடம் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்டு வாங்கும் ஏற்பாடு நம் சட்டத்தில் அப்போதே இருந்தது. அதற்குப் பதிலாக முப்பத்தாறு ஆண்டு பின்னோக்கிப் பாயும் சட்டம் வந்தது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஒப்பந்தத்தைக் கண்ணாலும் பார்த்திராத பெண்கள்.

இன்னொரு கேள்வியும் எழும். வேலையும் சம்பளமும் கிடைத்தால் போதாதா, பெயர் யாருக்குச் சொந்தமாக இருந்தால் என்ன? இதை ஏளனமாக ஒதுக்க முடியாது. 2019 முதல் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கானுக்குத் தன் பெயரில் விற்க ஒரு போன்கூட இல்லை. ஆனால் பல குடும்பங்களின் வீட்டுக் கடனையும் தம்பி தங்கை படிப்பையும் அந்தச் சம்பளம்தான் தாங்குகிறது. ஆலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பெயருக்கு உரியவர் தூர தேசத்தில் இருக்கும்போது, எது நிற்கும் எது போகும் என்ற முடிவும் அங்கேதான் எடுக்கப்படும் என்பதை மறக்கக் கூடாது. ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையில் 2014இல் நிசான் தன் பழைய டட்சன் பெயரைத் தூசி தட்டி எடுத்துக் கார்கள் செய்தது. 2022இல் அந்தப் பெயரையே கைவிட்டது. அதே ஒரகடத்தில் செய்யப்படும் பாரத்பென்ஸ் லாரியின் பெயரில் பாரதம் இருக்கிறது. அதை உருவாக்கி இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜெர்மானிய டெய்ம்லர். இந்தப் பெயர்கள் எங்கே வாழ வேண்டும் என்று தீர்மானிக்கும் இடம் ஒரகடம் அல்ல.

பெயருரிமையையும் பதிப்புரிமையையும் காக்கும் வேலையை அறிந்தவர்கள் சென்னைக்கு அந்நியர்கள் அல்ல. 1856இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் கண்டுபிடிப்பு உரிமத்தை, பங்கா இழுக்கும் இயந்திரத்துக்காகப் பெற்ற டி பென்னிங் பெயரில் தொடங்கிய நிறுவனம் பிறகு சென்னைக்கு வந்து இங்கேயே நிலைகொண்டது. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2003 முதல் 2021இல் கலைக்கப்படும் வரை சென்னையில்தான் தலைமையிடம் கொண்டிருந்தது. நாடு முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் கிண்டியில் இருக்கிறது; காஞ்சிபுரம் பட்டு தன் பெயரைக் காத்துக்கொண்டது அங்கேதான். சென்னை உயர் நீதிமன்றம் 2023 முதல் இந்த வழக்குகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள், அலுவலகம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. ஆலைகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளுக்கும் இவர்களுக்கும் இடையில் மட்டும் போக்குவரத்து குறைவு.

குன்றத்தூர், மாங்காடு, படப்பை வட்டாரத்தில் பட்டறை வைத்து பெரிய நிறுவனங்களுக்கு வார்ப்பு, பிரஸ் வேலை, ரப்பர் பாகம் செய்து தருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொள்முதல் ஆணையில் கையெழுத்துப் போடுமுன், அச்சும் வரைபடமும் யாருக்குச் சொந்தம் என்ற வரியைப் படியுங்கள். தனியாகச் சந்தையில் விற்கும் பாகத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தால் அதைப் பதிவு செய்யுங்கள். சிறு தொழில் நிறுவனத்துக்கு இணையவழியில் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். முதல் ரசீதிலிருந்து எல்லா ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.